பாலத்தில் ஒரு தலைநாடா

“அம்மா, சட்டையை மாத்திட்டா நாம வேற ஊர்க்காரங்க ஆயிடுவோமா?”

என் வீட்டில் அடைக்கலம் புகுந்திருந்த கதாலின் ஆறு வயது மகள் ஷெபா இப்படிக் கேட்டபோது, நாங்கள் மூவரும் என் சமையலறைப் புகைக்குள் உட்கார்ந்திருந்தோம். கதால் என் மேல்சட்டைக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய சட்டை அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது. சிவப்புத் துணியில் இரட்டைப் பறவைகள். எங்கள் மலையில் ஒரு பெண்ணின் சட்டையைப் பார்த்தாலே அவள் எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். அந்தப் பறவைகள் அவளுடைய ஊரான சோகுலுக்கு உரியவை. நான்கு நாட்களுக்கு முன் ராணுவம் சோகுலைக் கொளுத்தியிருந்தது. தப்பிய பெண்கள் எல்லாரும் மலையில் ஒளிந்து போராடும் கெரில்லாக்களுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தவர்கள் என்று சொல்லி, ஆற்றுப் பாலத்தில் காவல் போட்டிருந்தார்கள். சிவப்புச் சட்டைக்காரிகளை மட்டும் தனியே நிறுத்தினார்கள். அப்படி நின்ற யாரும் திரும்பி வரவில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம், சந்தை நாள் காலையில், கடற்கரைத் தோட்டங்களுக்குக் கரும்பு வெட்ட ஆள் ஏற்றும் லாரி நிற்கும். அதில் ஏறிவிட்டால் இருவரும் பிழைத்துக்கொள்வார்கள்.

“சிப்பாய்க்கு நாம எல்லாரும் ஒரே மூஞ்சிதான். சட்டையைத்தான் பார்ப்பான். பாப்பா வாயைத் திறக்காம இருந்தா போதும்,” என்றேன்.

“இவளா? தூக்கத்துலகூட பேசுவா, அக்கா,” என்றாள் கதால். என் வீட்டுக்கு வந்தபிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

ஷெபாவுக்கு, காய்ச்சலில் போன என் மகளின் சட்டையைப் போட்டுவிட்டேன். சற்றே பெரிதாக இருந்தது. மாதாவின் படத்துக்கு முன் மூவரும் சிலுவை போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

பாலத்தில் வரிசை மெதுவாக நகர்ந்தது. முன்னே கதாலும் குழந்தையும், பின்னே கோழிக்கூடையுடன் நான். எங்களுக்கு முன்னால் மூன்று பேர் மட்டும் இருந்தபோதுதான் அதைக் கவனித்தேன்.

கதால் தலைநாடாவைத் தன் ஊர் வழக்கப்படி கட்டியிருந்தாள். நாங்கள் இரண்டு சுற்றுச் சுற்றி நுனியைப் பின்னால் செருகுவோம். சோகுல் பெண்கள் நெற்றிக்கு மேல் குறுக்காகப் போட்டு முடிச்சிடுவார்கள். தினமும் விடியலில் பழகிய கை, யோசிக்காமல் அப்படியே கட்டிவிட்டது. என் கண்ணிலும் படாமல் போய்விட்டது. இப்போது கையை உயர்த்தி அவிழ்த்தால் எல்லாக் கண்களும் அங்கே திரும்பும்.

சிப்பாய் கிழக்கிலிருந்து வந்தவன், ஸ்பானிஷ் மட்டும் தெரிந்தவன். அவனுக்கு நாடாவெல்லாம் புரியாது. ஆனால் அவன் பக்கத்தில் பழைய துப்பாக்கியுடன் நின்றவன் என் பக்கத்து வீட்டுப் பாஸ்குவால். ஊர்க்காவல் படை என்று ராணுவம் எங்கள் ஆண்களையே பிடித்து நிறுத்தியிருந்தது. அவன் அந்தத் துப்பாக்கியை எடுத்த நாளிலிருந்து நான் அவனுடன் பேசுவதில்லை.

“ஏய் மரியா, நில்லு,” என்றான் சிப்பாய். அவனுக்கு நாங்கள் எல்லாருமே மரியாதான். “பாஸ்குவால், இவ உங்க ஊரா?”

பாஸ்குவால் கதாலின் சட்டையைப் பார்த்தான். பிறகு தலையைப் பார்த்தான். பார்வை அங்கேயே நின்றது. ஷெபா வாயைத் திறக்கப் போவது தெரிந்தது. கதால் அவள் கையை இறுக்கினாள். எனக்கு ஜெபம்கூட வரவில்லை. கூடையில் ஒரு கோழி சிறகடித்தது, அவ்வளவுதான் சத்தம்.

திடீரென்று பாஸ்குவால் கையை நீட்டி அந்த நாடாவைப் பற்றி இழுத்தான். முடிச்சு அவிழ்ந்து கதாலின் கூந்தல் முகத்தில் சரிந்தது.

“எங்க ஊருதான், சார்! என் பொண்டாட்டி நாடாவை இரவல் வாங்கிட்டு ஒரு வருஷமா கட்டிட்டுத் திரியுறா, வெக்கங்கெட்டவ! வீட்டுல தெனமும் எனக்குத்தான் திட்டு!”

சிப்பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “பொண்டாட்டிக்குப் பயந்தவனாடா நீ! போ மரியா, போய்த் தலையைச் சீவு!”

ஷெபா அழத் தொடங்கினாள். கதால் அவளைத் தூக்கிக்கொண்டு, விரிந்த கூந்தலோடு பாலத்தைக் கடந்தாள். லாரியின் பின்பலகையில் யாரோ அவர்களைக் கைகொடுத்து ஏற்றுவதைப் பார்த்தேன்.

நான் கடந்தபோது பாஸ்குவால் என்னைப் பார்க்காமல், சிப்பாய்க்குப் புரியாத எங்கள் மொழியில் முணுமுணுத்தான்: “அடுத்த தடவை தலையையும் பாரு, பெட்ரோனாக்கா.”

ஆகஸ்ட் மாதம் அவனைத் தூக்கிப் போனார்கள். ராணுவம் என்றார்கள் சிலர், மலையில் இருப்பவர்கள் என்றார்கள் சிலர். உடல் கிடைக்கவில்லை. துப்பாக்கிக்காரனின் மனைவி என்று ஹசிந்தாவின் வாசலை யாரும் மிதிக்கவில்லை. பாலத்தில் நடந்ததை அவளிடம் சொல்ல எனக்கு வாய் துடித்தது. சொன்னால் ஒரு சொல் எங்கெங்கோ போகும், எத்தனை உயிரைக் கேட்கும் என்று பயந்தேன். சொல்லவில்லை.

அக்டோபரில் அவள் இரண்டு பிள்ளைகளோடு காப்பி பறிக்கக் கடற்கரைப் பக்கத்து மலைச்சரிவுகளுக்குப் போனாள். ஊருக்கு மேலே மேட்டில் அவளுடைய மக்காச்சோளம் முற்றி நின்றது. கதிருக்குக் கீழே தண்டை மடித்துத் தொங்கவிடாவிட்டால், மழை உள்ளே இறங்கிக் கதிர் அழுகிவிடும். அது ஆண்கள் செய்யும் வேலை. அவள் வீட்டில் இப்போது ஆண் இல்லை, கூலிக்கு வரவும் ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கோயிலில் இருந்த நேரத்தில் நான் அந்த மேட்டுக்கு ஏறினேன். பூசையைத் தவறவிட்டதற்குக் கடவுள் கோபிக்கமாட்டார் என்று நம்பினேன். ஒவ்வொரு தண்டாக மடித்தேன். முதலில் சரியாக வரவில்லை, இரண்டு மூன்று முறிந்துவிட்டன. பிறகு கை பழகிவிட்டது. உள்ளங்கை கிழிந்தது.

கடைசி வரிசையை மடித்தபோது தூறல் விழத் தொடங்கியது. மேட்டில் யாரும் இல்லை. பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, புதர்ப் பாதை வழியாக வீட்டுக்கு இறங்கினேன்.