கூரைமேல் கூடாரம்: சாதகங்கள், பாதகங்கள், ஒரு சோதனைச் சாவடி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தேவைப்பட்டது ஒரு கூடாரம்தான், கதை அல்ல.

காரின் கூரைமேல் பொருத்துகிற கூடாரம். பார்த்திருப்பீர்கள். ஓடும்போது வண்டி தலையில் ஒரு தட்டைப் பெட்டியைச் சுமந்துகொண்டு போகும். நிறுத்திவிட்டு இரண்டு கொக்கியைத் தட்டினால் பெட்டி வாயைப் பிளந்து, உள்ளேயிருந்து ஒரு சின்ன அறை தானாக எழும்பும். ஏணியைச் சாத்தி ஏறிப் படுத்துக்கொள்ளலாம். நான் படிக்கிறவன். ஒரு பக்கம் படித்துவிட்டு அரை மணி நேரம் சும்மா இருப்பது எனக்குப் பிடிக்கும். தரையில் இருப்பவர்கள் அந்த அரை மணி நேரத்தை விட்டுவைப்பதில்லை. "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிடுகிறார்கள்.

எனவே, வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினேன். சாதகங்கள் சுலபமாக வந்தன. தரை ஈரம் ஏறாது. பாம்பு, நண்டு, தெருநாய் எதுவும் எட்டாது. முளை அடிக்க வேண்டாம். மெத்தையை உள்ளேயே விட்டு மூடிவிடலாம். அடுத்தது பாதகங்கள். "நடுவில் எழுந்து வெளியே போக வேண்டுமென்றால், தூக்கக் கண்ணோடு ஏணியில் இறங்க வேண்டும்" என்று எழுதினேன். "அதை மொதல்ல சொல்லு" என்றது என் தலைக்குள் ஒரு பெண் குரல்.

அவள் பெயர் விர்ஜினி. கட்டுரை அத்தோடு நின்றது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

மழை வரும்போல் இருந்த ஒரு மாலையில் பட்டினச்சேரிப் பக்கமாக ஒரு வெள்ளை பொலிரோ— (மழை வரும்போல் இருக்கும் மாலைகளில் ஏற்கெனவே நிறையக் கதைகள் நிற்கின்றன. இடமில்லை.)

விர்ஜினிக்கு உயரத்தைக் கண்டு பயமில்லை, உயரத்தில் ஏறி நின்று பேசுகிற கணவனைக் கண்டால்தான்— (கெட்டிக்காரத்தனம். அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும்.)

தமிழ்ச்செல்வனும் விர்ஜினியும் ஒரு வருடமாக ஒரே விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

3

விஷயம் இதுதான். விர்ஜினியின் குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளது. அப்பா பிரான்சில் பட்டாளத்தில் இருந்துவிட்டு, ஓய்வூதியத்தோடு காரைக்காலுக்குத் திரும்பியவர். ஊர்ப் பேச்சில் 'சொல்தா', அதாவது பிரெஞ்சுப் பட்டாளக்காரர். விர்ஜினிக்குப் பிரான்சின் துலூஸ் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருக்கிறது. தமிழ்ச்செல்வன் குரும்பகரத்துக்காரன். நெல் விளைகிற வீடு. அவனுக்கு மின்துறையில் வேலை. இருவரும் கல்லூரியில் ஒன்றாகப் படித்து, இரண்டு வீட்டையும் மெல்லப் பழக்கிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள்.

பிரெஞ்சுப் பாஸ்போர்ட் உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவன் உள்ளூரிலேயே இருந்தால், இங்கே அவன் தினமும் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டும். மளிகைக் கடையில் பருப்பைக் கட்டிக்கொண்டே "எப்பங்க கெளம்புறீங்க?" என்பார்கள். தமிழ்ச்செல்வனுக்குப் போக விருப்பமில்லை. விர்ஜினிக்குப் போக வேண்டும். ஆனால் அவனில்லாமல் போகமாட்டாள்.

இந்த நிலைமையில் அவன் கூடாரத்தை வாங்கிவந்து வண்டிமேல் மாட்டினான்.

"இது என்னது?"

"வீடு."

"நான் துலூஸ் போலாம்னு சொன்னேன். நீ வண்டி மேல மெத்த போட்டுட்டு வந்து நிக்கிற."

"இங்க இருந்து என்னத்தப் பாக்குறதுன்னு நீதானே கேட்ட? எங்க வேணா நிறுத்தலாம், எங்க வேணா தூங்கலாம். ஏறித்தான் பாரேன்."

"எறங்குறது? அவசரமா வந்தா?"

"ஏணி இருக்குல்ல."

"அதை மொதல்ல சொல்லு. மேல இவ்ளோ பெரிய பெட்டி இருந்தா காத்து அடிச்சு டீசலும் கூடக் குடிக்கும். காலையில பால் வாங்கணும்னாகூட வீட்டை மடிச்சு மூடிட்டுத்தான் வண்டிய எடுக்கணும்."

"தரையில போட்டா நண்டு வரும் விர்ஜி."

"வந்தா என்ன, தாலிய அறுத்துட்டா போயிடும்?"

இப்படியே பேசிப் பேசி, கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். வேதாரண்யம் பக்கம் அவனுடைய நண்பனின் சவுக்குத் தோப்பு இருக்கிறது. அங்கே ஓர் இரவு கூடாரத்தில் தூங்க வேண்டும். காலையில் அவள் "பிடிச்சிருந்துச்சு" என்றால் துலூஸ் வேலையை விட்டுவிடுவாள். "பிடிக்கல" என்றால் அவன் மின்துறை வேலையை விட்டுவிட்டு அவளோடு கிளம்புவான். உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்று அவன் நிபந்தனை போட்டான். அவள் மாதா மேல் சத்தியம் செய்யக் கையை உயர்த்தினாள். அவனே அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டான்.

4

இங்கே எனக்கு இரண்டு சந்தேகங்கள்.

ஒன்று, யாராவது வாழ்க்கையை ஒரு மெத்தையின்மேல் வைத்து முடிவெடுப்பார்களா? எடுப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஒரு வருடம் நியாயமாகப் பேசிக் களைத்தவர்கள், அதற்குப் பிறகு எதன்மேலும் வைத்து முடிவெடுப்பார்கள்.

இரண்டு, கூடாரம் ஏதாவது பெரிய விஷயத்துக்கு உவமையாகிவிடுமோ என்ற பயம். எங்கும் வேர் விடாத வீடு, இரண்டு நாட்டுக்கும் நடுவே தொங்குகிற— (பார்த்தீர்களா, வந்துவிட்டது.) வேண்டாம். இது தகரமும் துணியும். மழை பெய்தால் நனையும். நனைந்ததை அப்படியே மூடினால் பூஞ்சை பிடிக்கும்.*

* பாதகங்களில் முக்கியமானது இது. விற்றவர்கள் கடைசியில்தான் சொல்வார்கள்.

5

சாயங்காலம் கிளம்பினார்கள். தமிழ்ச்செல்வன் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தான். பெட்ரோல் பங்க்கின் கூரை எவ்வளவு உயரம், எந்தத் தெருவில் மரக்கிளை தாழ்ந்திருக்கிறது, கேபிள் ஒயர் எங்கே தொங்குகிறது (அது அவனுடைய தொழில்), எல்லாம் அவனுக்குத் தெரியும். சோதனைச் சாவடியை மட்டும் யோசிக்கவில்லை.

காரைக்காலில் இருந்து எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் கொஞ்ச நேரத்தில் ஊர் முடிந்து தமிழ்நாடு வந்துவிடும். எல்லையைத் தாண்டியதும் ஒரு சாவடி. எங்கள் பக்கம் மதுபாட்டில் விலை குறைவு என்பதால் வண்டிகளைப் பார்ப்பார்கள். வருடக்கணக்காகப் போய்வந்து இங்கத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. சாவடி கண்ணில் பட்டதும், யாரும் கேட்பதற்கு முன்பே ஸ்கூட்டரை நிறுத்தி சீட்டைத் தூக்கிக் காட்டுவார்கள். காரில் போனால் டிக்கியைத் திறந்துவிட்டு ஓரமாக நிற்பார்கள்.

தமிழ்ச்செல்வனும் நிறுத்தினான். இறங்கினான். மேலே கையை விட்டு இரண்டு கொக்கியையும் தட்டினான்.

பெட்டி பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்து, நடுச்சாலையில் ஓர் அறையாக விரிந்து நின்றது.

பணியில் இருந்த போலீஸ்காரர் காதர் பாட்சா, நாகூர்க்காரர். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர்.

"ஏன் தம்பி, நான் 'போங்க'ன்னுல்ல கைய காட்டுனேன்?"

"இல்ல சார்... செக் பண்ணுவீங்கன்னு..."

"நான் கேட்டனா?"

"கேக்கல சார்."

பின்னால் நின்ற லாரியில் இருந்து ஓட்டுநர் தலையை நீட்டினார். "அண்ணே, பந்தல் போட்டாச்சு. பந்தி எப்பண்ணே?"

வண்டியை விரித்தது விரித்தபடி மெல்ல உருட்டி ஓரம்கட்டினார்கள். லாரி சிரித்துக்கொண்டே போனது. காதர் பாட்சா பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு ஏணியில் பாதி ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார். பாட்டில் தேடவில்லை, மெத்தையை அழுத்திப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. எத்தன பேரு தாங்கும்?"

"ரெண்டு பேரு தாராளமாத் தாங்கும் சார். வண்டி ஓடும்போது மட்டும் யாரும் ஏறக்கூடாது."

"ஓடும்போது எவன் தம்பி ஏறுவான்?" என்று இறங்கியவரின் சட்டையில் முதல் துளி விழுந்தது. பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு சாவடிக்குள் ஓடினார். இவர்கள் இருவரும் மேலே ஏறிக்கொண்டார்கள்.

6

மழை. மேலே துணி, அதன்மேல் சத்தம்.

இந்த இடத்தில் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டுவிடலாம் என்று நினைத்தேன். இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்கள்; அவர்களோடு சேர்ந்து நானும் சும்மா இருந்தேன். விர்ஜினிதான் முதலில் சிரித்தாள். "பந்தி எப்பண்ணே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அவரு கேக்கவே இல்ல செல்வா."

"பழக்கம். சீட்டைத் தூக்குறோம்ல, அந்த மாதிரி."

"எங்கப்பாவும் இப்படித்தான். பிரான்ஸ்ல ரயில்ல உக்காந்திருப்போம். எவனாவது நடந்து வந்தாப் போதும், செக்கிங்னு நெனச்சு எந்திரிச்சு நின்னு ஐடி கார்டை எடுத்து நீட்டுவாரு. ஒரு தடவ வந்தவன் காப்பி விக்கிறவன். கார்டை நல்லா உத்துப் பாத்துட்டு, 'பால் ஊத்தவா, வேணாமா?'ன்னு கேட்டான்."

தமிழ்ச்செல்வன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"பட்டாளத்துல இருந்த ஆளு. அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டு. யாரும் கேக்கவே இல்ல. நான் சின்னப் பொண்ணு, ஜன்னல் பக்கம் திரும்பிக்குவேன். இன்னைக்கு நீ எறங்கிக் கொக்கியத் தட்டுனப்பவும் திரும்பிக்கிட்டேன்."

அவன் மெத்தையின் தையலைத் தடவிக்கொண்டிருந்தான்.

"நீ அங்க வந்தா தெனம் இப்படித்தான் நிப்ப. என்னால பாக்க முடியாது. நான் போகல."

"இங்க மட்டும் எப்படி நிக்கிறேன்? பொறந்த ஊர்லேர்ந்து அரை மணி நேரம் வண்டி ஓட்டுனா நிக்கிறேன். அங்க நின்னா மட்டும் கொறஞ்சா போயிடுவேன்? நான் வரேன்."

"நான் போகலங்கிறேன்."

"நான் வரேங்கிறேன்."

"ஒரு வருஷமா வராதவன் இப்ப ஏன் வர?"

"ஒரு வருஷமா போறவ இப்ப ஏன் போகல?"

சண்டை அதே சண்டைதான். ஆட்கள் மட்டும் பக்கம் மாறிவிட்டார்கள். நான் இதைத் திட்டமிடவில்லை. கட்டுரையாக இருந்தால் இப்படி நடந்திருக்காது.

மழை விட்டதும் காதர் பாட்சா குடையோடு வந்து கீழேயிருந்து கேட்டார். "மூடிட்டுக் கெளம்பலயா?"

"ஈரம் சார். பூஞ்சை புடிச்சிடும்."

"அப்ப காலையில காய வச்சுட்டுப் போங்க. போலீஸ் காவலோட தூக்கம், எவனுக்குக் கெடைக்கும்?"

இரவை நான் எழுதவில்லை. அது அவர்களுடையது.

7

முடிவுகள்:

(அ) வெயிலில் கூடாரம் காய்கிறது, வேதாரண்யம் போகிறார்கள், சவுக்குத் தோப்பில் காற்று— (சோதனை ஏற்கெனவே நடந்துவிட்டது. தோப்புக்குப் போய் என்ன செய்வது?)

(ஆ) இருவரும் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டு, கொஞ்ச நாள் அங்கே, கொஞ்ச நாள் இங்கே— (எழுத நன்றாக இருக்கிறது. முதியோர் இல்லமும் மின்துறையும் இப்படி விடுப்புத் தருவதில்லை.)

(இ) எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

காலை. தமிழ்ச்செல்வன் முன்பே இறங்கி, சாவடிக்கு எதிர்க் கடையில் இரண்டு டீ வாங்கிவந்து ஏணிக்குக் கீழே நிற்கிறான். ஒப்பந்தத்தை இருவருமே திரும்பப் பெறவில்லை. "தூக்கம் எப்படி?" என்று கேட்கிறான். மறுபடியும் சொல்கிறான்: "உண்மையச் சொல்லணும்."

உண்மை எனக்குத் தெரியும். விர்ஜினி அசந்து தூங்கினாள். ஏணிகூட நினைவுக்கு வரவில்லை. அதைச் சொன்னால் துலூஸ் கைவிட்டுப் போய்விடும். அங்கே அவளுக்காக வைத்திருக்கும் வேலை வேறு யாருக்கோ போகும். மளிகைக் கடைக்கு அவளும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். பொய் சொன்னால் அவன் வருவான். மனதாரத்தான் வருவான், ரயிலில் யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்டதும் எழுந்து நிற்பான். அவள் பொய் சொல்கிறாள் என்பதையும் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான். கண்டுபிடித்ததைச் சொல்லமாட்டான்.

விர்ஜினி ஜிப்பைத் திறந்து தலையை வெளியே நீட்டிவிட்டாள். ஒரே ஒரு சொல்தான் பாக்கி. அதை நீங்கள் எழுதுங்கள். எது எழுதினாலும் நான் மாற்றமாட்டேன். கீழே நிற்பவனின் முகத்தைப் பார்க்காமல் எழுத முடிகிறதா என்று பாருங்கள். என்னால் முடியவில்லை.