இரண்டு மிராந்தா வீடுகள்

சந்தியாகுவின் ஈர விரல் என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கிறது, இப்போதும் கண்ணை மூடினால் நிற்கிறது, மீன் கழுவிக்கொண்டிருந்தவன் அப்படியே எழுந்து வேலிக்கு வந்துவிட்டான், விரல் நுனியில் ஒரு செதில் ஒட்டி மின்னுகிறது, எவம்வே சின்ன மிராந்தா, எங்க வீட்டப் போயி சின்ன மிராந்தான்னு எழுதிருக்கீராமே என்று தெருவே கேட்கக் கத்துகிறான், நானும் விடவில்லை, கோயில் புத்தகத்தப் பாத்துத்தான்வே எழுதுதேன், நீரு வேணும்னா மீனுக்கு வரலாறு எழுதும் என்கிறேன், அதன்பிறகு அவன் குரலை இறக்கிச் சொன்னான், சரி ஓய், அந்தப் புத்தகத்த நானும் போயிப் பாக்கேன், ஒம்ம தாத்தாவுல இருந்து ஒவ்வொரு வரியா.

எங்கள் கடற்கரையில் ஒரு ஆளை யாரென்று கேட்டால் குடும்பப் பெயரைத்தான் முதலில் கேட்பார்கள், பறங்கிக் கப்பல்காரர் காலத்தில் ஞானஸ்நானத்தோடு வந்து ஒட்டிக்கொண்ட பெயர்கள், கர்வாலோ, மச்சாடோ, மிராந்தா, அதில் மிராந்தா வீடு இரண்டு, வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் சந்தியாகு, இரண்டு வீட்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, எது அசல் மிராந்தா என்ற சண்டை மட்டும் மூன்று தலைமுறையாக உண்டு. கோயில் ஆண்டுவிழா மலருக்குக் குடும்பப் பெயர்களின் வரலாறு எழுதப் பங்குச் சாமியார் என்னைப் பிடித்தார், ஓய்வுபெற்ற வாத்தியார், போதாததற்கு ஊரார் வீட்டு விஷயத்தில் எனக்குள்ள அக்கறை அவருக்குத் தெரியும், ஞானஸ்நானப் பதிவுகளை மேசையில் குவித்து, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு நான் புரட்டிய சுகம் இருக்கிறதே, மச்சாடோ வீட்டில் கல்யாணமாகி ஆறாம் மாதம் கொழுகொழுவென்று பிள்ளை, கர்வாலோக் கிழவர் தன் வயதில் பத்தைக் குறைத்துச் சொல்லி மூன்றாம் தாரம் கட்டியிருக்கிறார், எல்லாவற்றையும் வீட்டில் வந்து கொட்டுவேன், மகள் ஜெசிந்தா மட்டும் சிரிக்கமாட்டாள், நம்ம வீட்டு வரி வரட்டும்பா, அப்பவும் இப்பிடிச் சிரிக்கீங்களான்னு பாக்கேன் என்பாள்.

வந்தது, கொள்ளைநோய் வருஷத்துப் பக்கம், பழுப்பேறிய மை, குழந்தை பவுலு, தாய் இறந்துபோனாள், தகப்பன் தெரியாது, ஞானத்தகப்பன் தோணி முதலாளி லூயிஸ் மிராந்தா, பிள்ளைக்கு அவர் குடும்பப் பெயரே கொடுக்கப்பட்டது. பவுலு என் தாத்தா. ஊரார் வரியையெல்லாம் ஓரக்குறிப்பு விடாமல் படித்தவன் அன்றைக்கு அந்த ஒரு வரியோடு படாரென்று மூடிவிட்டேன், ஜெசிந்தாவின் கல்யாணத்துக்கு முதல் ஓலை அந்த ஞாயிறுதான் கோயிலில் வாசித்திருந்தார்கள், மூன்று ஞாயிறு ஓலையில் அறிவித்துத் தடை சொல்ல ஆளில்லையென்றால்தான் தாலி, மாப்பிள்ளை வீட்டார் தூத்துக்குடி ரொட்ரிகோக்கள், பெண்ணைப் பார்க்குமுன் எந்த மிராந்தா என்று கேட்டவர்கள், இது தெரிந்தால் மூன்றாம் ஓலைக்கு நிற்பார்களா, பயத்தில் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, நாங்களே பெரிய மிராந்தா, வேலிக்கு அந்தப் பக்கம் சின்ன மிராந்தா என்று எழுதினேன், எழுதினதோடு இருக்காமல் டீக்கடையில் வாசித்தும் காட்டினேன், வாய் கேட்கவேண்டுமே.

புதன்கிழமை சந்தியாகு கோயில் அலுவலகத்துக்குள் நுழைகிறான், எதிர்க்கடையில் உப்பு வாங்குகிற சாக்கில் நிற்கிறேன், ஒரு மணி நேரம், வெளியே வந்தவன் என்னைப் பார்த்தும் பார்க்காமல் போகிறான், திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும், அன்றிலிருந்து வேலிப் பக்கம் சத்தமேயில்லை, கண்ணயர்ந்தால் சாமியார் ஓலை வாசிக்கிறார், பெண் பெயருக்குப் பதில் தகப்பன் தெரியாது, தகப்பன் தெரியாது என்கிறார், கோயிலே திரும்பி என்னைப் பார்க்கிறது, விழித்தால் ஜெசிந்தா கல்யாணச் சேலைக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டிருக்கிறாள், என்னப்பா வேர்த்து ஊத்துது என்கிறாள், ஒன்றுமில்லை என்கிறேன்.

மூன்றாம் ஓலை ஞாயிறு, மாப்பிள்ளையின் பெரியப்பா முன்வரிசையில், விக்கினம் ஏதும் இருந்தால் அறிந்தவர்கள் தெரிவிக்கவேண்டும் என்று சாமியார் நிறுத்துகிறார், பின்னால் பெஞ்சு கிறீச்சிடுகிறது, திரும்பாமலே எனக்குத் தெரியும், சந்தியாகு எழுந்து நிற்கிறான், தொண்டையைச் செருமுகிறான், செருமிவிட்டு வாசலைப் பார்த்து நடக்கிறான், அவ்வளவுதான், பூசை முடிந்து கடைசி ஆளாக நான் வரும்போது வாசலில் விரல் நனைத்து அடுத்தவருக்கும் நீட்டிச் சிலுவை போடும் தீர்த்தத் தொட்டியருகே அவனே நிற்கிறான், இப்ப ஒம்ம மூஞ்சியப் பாத்தாத்தான் தெரியுது, ஒம்ம வரியோட மூடிட்டீரு போல, அடுத்த வரியப் படிக்கலையோ என்கிறான், மெல்ல, எனக்கு மட்டும் கேட்க, அதே நாளு, அதே ஞானத்தகப்பன், குழந்தை சீமோன், எங்க தாத்தா, எங்க வரியையும் படிச்சிட்டுத்தான் சின்ன மிராந்தான்னு எழுதுனீருன்னு நெனச்சேன் ஓய், அச்சுல எத ஏத்துவீரோன்னு ராவெல்லாம் முழிச்சிக் கெடந்தேன், எந்திரிச்சிச் சொல்லத்தான் வந்தேன், எங்க வரியும்லா சேந்து வரும். பிறகு இன்னும் மெல்ல, ஒரே நாள்ல ரெண்டு பிள்ளைக்குப் பேரு குடுத்திருக்காரு மனுசன், அவ்வளவு எரக்கம் எங்க இருந்து வந்துச்சுன்னு மட்டும் தோண்டிராதயும்.

மலர் அந்த வரலாறு இல்லாமலே வந்தது, ஜெசிந்தா ரொட்ரிகோ ஆகித் தூத்துக்குடிக்குப் போனாள், சந்தியாகு வீட்டை வாடகைக்கு விட்டு ராயபுரத்தில் மகளோடு இருக்கிறான், அந்த வீட்டுக்கு வந்திருக்கும் கல்லூரி ஆசிரியர் கடற்கரைப் பெயர்களை ஆராய்கிறாராம், எந்த மிராந்தா சார் நீங்க என்று வேலியருகே கேட்கிறார், ஊரில் ஒரே மிராந்தாதான் தம்பி என்கிறேன், கண்ணை மூடுகிறேன், ஈர விரல் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கிறது, செதில் இல்லை, அன்றைக்குக் கோயில் வாசலில் தீர்த்தத்தில் நனைத்து எனக்காக நீட்டிய விரல், என் விரலைவிட அது அதிகமாக நடுங்குகிறது, தொடுகிறேன்.