ஏழாவது பங்கு

எங்கள் தெருவில் பக்ரீத்துக்குக் கூட்டுக் குர்பானி கொடுக்க ஆள் சேர்ப்பது பதினெட்டு வருஷமாக என் பொறுப்பு. ஒரு மாடு, ஏழு பேர், ஏழு பங்கு. ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய் மாடு பார்ப்பதில் தொடங்கி, கறியைக் கூறு போட்டு ஏழை வீடுகளுக்கு அனுப்புவது வரை எல்லாம் நான்தான். கிதர் முகம்மது சேர்த்தால் சரியாக இருக்கும் என்று பேகம்பூரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. அதுதான் கொடுமை.

இதில் ஒரு சட்டம் இருக்கிறது. ஏழு பேருக்கும் நிய்யத் சுத்தமாக இருக்க வேண்டும். அல்லாஹ்வுக்காகக் கொடுக்கிறோம் என்ற எண்ணம் மட்டும் போதும், வேறு எதுவும் கலக்கக் கூடாது. ஒருவன் கறிக்கு ஆசைப்பட்டுச் சேர்ந்தாலும் மற்ற ஆறு பேருடைய குர்பானியும் நிறைவேறாது. ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதுமே, அந்தக் கணக்கு.

போன வருஷம் ஆறு பேர் சேர்ந்துவிட்டார்கள், என்னையும் சேர்த்துத்தான். ஒரு பங்கு பாக்கி. பக்ரீத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வெங்காய மண்டி முகமது யாசின் போன் செய்தார்.

"பாய், இந்த வருசம் உங்க கூட்டுல என்னையும் சேத்துக்கங்க."

யாசினின் மகன் ஆசாத் துபாயில் இன்ஜினியர். என் மகள் ரிஃபாத்துக்கு இருபத்து மூன்று வயது. இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. நாளைக்குச் சொல்கிறேன் பாய் என்று போனை வைத்தேனே தவிர, மனசுக்குள் அன்றைக்கே பந்தல் போட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் அசர் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, பள்ளிவாசல் வாசலில் அப்துல் சுக்கூர் நின்றிருந்தான். எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டி போட்டுக் கோலா உருண்டையும் பீஃப் சில்லியும் விற்பவன். அவன் மனைவி ஜீனத் மௌத்தாகி, அடக்கம் செய்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அவனுக்கும் கிட்னியில் கோளாறு, முகம் ஊதிப்போயிருந்தது.

"அண்ணே, ஒரு பங்கு பாக்கி இருக்குன்னு சொன்னாக. எம்பேரையும் போட்டுக்கங்க. காசு கொண்டாந்திருக்கேன்."

இத்தனை வருஷத்தில் சுக்கூர் பங்கு கேட்டதே இல்லை. ஒவ்வொரு பக்ரீத்துக்கும் நாங்கள் கறி அனுப்பும் வீடுகளில் ஒன்று அவன் வீடு. இடம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இடம் இருப்பது பக்கத்தில் நின்ற ஐந்தாறு பேருக்கும் தெரியும். என் நாக்கில்தான் நரம்பே கிடையாதே.

"ஏன்டா சுக்கூரு, உன் நிய்யத் என்னன்னு எனக்குத் தெரியாதா? பங்குக் கறி வண்டிக்குப் போகும். உன் ஒருத்தனால மத்த ஆறு பேரு குர்பானியும் பாழாப் போகணுமா?"

யாரோ சிரித்தார்கள். சுக்கூர் சட்டைப்பையிலிருந்து பாதி எடுத்த கவரைத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டான்.

"அல்லாவுக்குத் தெரியும்ணே," என்றான். சலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ராத்திரி சாப்பிடும்போது ரிஃபாத் பேங்க் பரீட்சைக்கு ஏதோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். இன்டென்ஷன், பர்ப்பஸ், மோட்டிவ், எய்ம் என்று ஒரே அர்த்தமுள்ள வார்த்தைகளாம்.

"தமிழ்லயும் இம்புட்டு இருக்கா அத்தா?"

"ஏன் இல்ல? எண்ணம், நெனப்பு, நோக்கம், உத்தேசம், நாட்டம். நம்மளுக்கு நிய்யத்."

"அப்ப எல்லாம் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்," என்றேன். சொல்லிவிட்டு யாசினுக்குப் போன் போட்டேன்.

பெருநாளன்று தொழுகை முடிந்து மாட்டைப் படுக்க வைத்தார்கள். பள்ளிவாசலில் தொழ வைக்கும் ஹஜ்ரத் ஏழு பேர் பெயரையும் வாசித்தார். "எல்லாரும் நிய்யத் வெச்சுக்கங்க," என்றார். அந்த நேரம் பார்த்து யாசின் என் தோளில் கை போட்டார். எனக்கு அல்லாஹ் ஞாபகம் வரவில்லை. ஆசாத்துக்கு எப்போது லீவு கிடைக்கும் என்றுதான் யோசித்தேன்.

மதியம் கறிப் பைகளை நானே கொண்டுபோனேன். சுக்கூர் வீட்டு வாசலில் தள்ளுவண்டி தார்ப்பாய் போட்டு மூடிச் சங்கிலியால் கட்டிக் கிடந்தது. பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. பக்ரீத்தை ஒட்டி மூன்று நாள் சுக்கூர் வண்டி போட மாட்டான். குர்பானிக் கறியை விற்கிறான் என்று ஒருத்தர் வாயிலும் விழுந்துவிடக் கூடாது என்றுதான் அந்தப் பழக்கம். அது எனக்குத் தெரியும். அவன் வண்டி போட்ட நாளிலிருந்து தெரியும். பள்ளிவாசல் வாசலில் வைத்து அவனை அப்படிக் கேட்டபோதும் தெரியும்.

சுக்கூர் வெளியே வந்து பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். திருப்பிக் கொடுத்திருந்தால்கூட எனக்குக் கோபப்பட ஒரு வழி இருந்திருக்கும்.

"ஜீனத்து பேருல ஒரு பங்கு குடுக்கணும்னுதாண்ணே கேட்டேன். மௌத்தாகுறதுக்கு முந்தி கேட்டா. வருசா வருசம் வாங்குறோமே, ஒரு தடவையாச்சும் குடுக்கணும்னு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடா."

"அத்தன பேரு முன்னால அவ பேரை எப்படிண்ணே எடுக்கிறது?" பையைப் பார்த்தான். "பங்கு கேட்டேன். கறி வந்திருக்கு. அல்ஹம்துலில்லாஹ்."

அன்று மாலையே ஹஜ்ரத்திடம் போனேன். ஏழு பேரில் ஒருவனுக்கு வேறு நினைப்பு இருந்தால் என்ன ஆகும் என்று, தெரிந்ததையே திரும்பக் கேட்டேன்.

"ஏழும் போச்சு பாய். ஆனா உள்ளத்துல இருக்கிறது அவனுக்கும் படைச்ச ரப்புக்கும்தான் தெரியும். யாரு அது?"

"சும்மா கேட்டேன் ஹஜ்ரத்."

மற்ற ஆறு பேரிடமும் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். யாசின் வாயைத் திறப்பார் என்று நாலு மாசம் இலவு காத்த கிளியாக இருந்தேன். கடைசியில் நானே கேட்டபோது, "எங்களுக்கு அப்படி ஒரு உத்தேசமே இல்லையே பாய். ஆசாத்துக்கு வத்தலகுண்டுல பேசி முடிச்சாச்சே," என்று சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது. அந்தச் சிரிப்புக்காகவா சுக்கூரை அப்படிப் பேசினேன்?

ரஜப் மாதத்தில் சுக்கூர் மௌத்தானான். ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு ஏழு மாதம் இருந்தது. தினமும் அவன் வண்டியைத் தாண்டித்தான் போனேன், வந்தேன்.

இந்த வருஷம் யார் கேட்டும் ஏழாவது பங்கை நான் கொடுக்கவில்லை. என் பங்கோடு அதையும் நானே எடுத்து ஜீனத் பெயரில் எழுதினேன். ஊரே என்னைப் பாராட்டியது. கிதர் பாய்க்கு என்ன மனசு என்று ரிஃபாத் காதுபடச் சொன்னார்களாம். அவள் பெருமையோடு வந்து சொன்னாள்.

மாட்டைப் படுக்க வைத்தார்கள். ஹஜ்ரத் பெயர்களை வாசித்து, நிய்யத் வைக்கச் சொன்னார். கண்ணை மூடினேன். அல்லாஹ்வுக்காக என்று நினைக்கப் பார்த்தேன். ஜீனத்துக்காக என்று நினைக்கப் பார்த்தேன். என் நெஞ்சில் இருக்கும் பாரம் இறங்க வேண்டும் என்பதைத் தவிர அங்கே ஒன்றுமே இல்லை. இந்த முறையும் எனக்காகத்தான் கொடுக்கிறேன்.

கத்தியைக் கையில் எடுத்த ஹஜ்ரத் என்னைப் பார்த்தார். "பாய், நிய்யத் வெச்சாச்சா?"

மற்றவர்கள் எனக்காகக் காத்து நின்றார்கள்.

"வெச்சாச்சு," என்றேன்.