கலத்துக்குள் போன சட்டை

இப்படிக் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. வாசல் பக்கம் நிற்கிறவர்களும் உள்ளே வந்துவிடுங்கள். ஒரு சட்டையின் கதை சொல்லப்போகிறேன். பயம் வந்தால் பக்கத்திலிருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

பூவிலிருந்து வாசனையை உருவி எடுக்கிற ஆலை அது. அங்கே ஆள் உயரத்துக்கும் மேலே ஓர் இரும்புக் கலம். அதைப் பார்த்துக்கொண்டவளை எல்லாரும் கலத்தக்கா என்றே கூப்பிட்டார்கள். பூக்கூடையை உள்ளே இறக்குவாள், மூடியைப் பூட்டுவாள், கரியமில வாயுவை அனுப்பி அழுத்துவாள், இதமாகச் சூடேற்றுவாள். சோடாவைத் திறந்தால் புஸ்ஸென்று வருமே, அதே வாயுதான். ஆனால் அழுத்தமும் சூடும் ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் அதற்குக் குணமே மாறிவிடும். காற்றைப் போல எந்த இண்டு இடுக்கிலும் நுழையும், தண்ணீரைப் போல அங்கிருப்பதைக் கரைத்துத் தூக்கிக்கொண்டு வரும். அழுத்தத்தைத் தளர்த்தினால் வாயு தன் வழியே போய்விடும். கரைத்து வந்தது மட்டும் அடுத்த குடுவையின் அடியில் நிற்கும்.

கலத்தின் இடுப்பில் தடித்த கண்ணாடி ஒன்று பதித்திருந்தார்கள். அதன் வழியே பார்த்தால் கீழே அழுத்தத்தால் திரவமானது, மேலே வாயு, நடுவே ஒரு கோடு. சூடு ஏற ஏறக் கோடு மங்கும். கண் சிமிட்டித் திறந்தால் இருக்காது. எது மேல், எது கீழ் என்று சொல்ல முடியாது. எத்தனையோ வருஷம் பார்த்த பிறகும் அந்த நேரத்தில் அவள் கண்ணாடியை விட்டு நகர மாட்டாள்.

அந்த ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. கழுவுவதற்கு ஆட்கள் உள்ளே இறங்குகிற கலம் அது. அதனால் மூடுவதற்கு முன் வாயருகே நின்று, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டுக் காத்திருக்க வேண்டும். பதில் வந்தால் மூடக் கூடாது. வெறும் கலம் என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் கூப்பிடாமல் மூடக் கூடாது.

கலத்தக்காவின் புருஷன் அங்கேயே ஃபிட்டர். முகத்தில் மூச்சுக்கவசம் மாட்டி உள்ளே இறங்கினால் பேச முடியாது. அவள் கூப்பிட்டால் ஸ்பானரால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவான். டக், டக். இருக்கிறேன், மூடாதே என்று அர்த்தம். மேலே ஏறி வந்து கவசத்தைக் கழற்றியதும், "உன்னை நம்பி இறங்குறேன் பாரு, என் தைரியம் யாருக்கு வரும்?" என்பான்.

அவன் கலத்தில் சாகவில்லை. சாதாரணக் காய்ச்சல்தான். படுத்தவன் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

மிஞ்சியது துவைக்காத ஒரு சட்டை. அதை அவன் அம்மா தலையணைக்குள் வைத்துக்கொண்டாள். பார்வை மங்கிய மனுஷி. சட்டையை முகர்ந்து பார்த்தால்தான் சோறு இறங்கும், தூக்கம் வரும். ஒரு நாள் காலையில் தட்டை நகர்த்தி வைத்துவிட்டாள்.

"பஞ்சு வாசந்தான் வருது. அவன் போயிட்டே இருக்கான். பிடிச்சு வைக்க உனக்குத் தெரியலையே."

மறுநாளும் சாப்பிடவில்லை. அதற்கு அடுத்த நாள் சட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள் கலத்தக்கா. பூவைப் பிடிக்கத் தெரிந்த கைக்கு இது தெரியாதா என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

ஒரு பூ முடிந்து அடுத்த பூ ஏறுவதற்குள், வெறும் கலத்தில் வாயுவை ஓட்டிப் பழைய வாசனையைக் கழுவுவார்கள். முதல் கழுவலில் ரோஜா முழுக்கப் போய்விட்டது. இரண்டாவது கழுவலுக்கு முன் சட்டையைக் கண்ணாடிக்கு நேரே கம்பியில் மாட்டினாள். மூடியில் கை வைத்தாள். கூப்பிட வேண்டும். வாய் திறக்கவில்லை. கூப்பிட்டுப் பதில் வராமல் போனால் தாங்க முடியாது. வந்துவிட்டால்?

கூப்பிடாமலே மூடினாள்.

அழுத்தம் ஏறியது. கண்ணாடிக்குள் கோடு மங்கியது, மறைந்தது. தொங்கிக்கொண்டிருந்த சட்டை மெல்ல அசைந்தது. மார்பு உப்பியது. தோள் நிமிர்ந்தது. கைகள் இரண்டும் பக்கவாட்டில் எழுந்தன, யாரோ உள்ளிருந்து நுழைத்துக்கொள்வது போல. ஓட்டத்தில் துணி அசையத்தான் செய்யும், அவளுக்குத் தெரியாததா? ஆனால் கழுத்துப் பட்டை மட்டும் கண்ணாடி இருக்கும் பக்கமாகத் திரும்பியது.

அழுத்தத்தை இறக்கும்போது கலத்துக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. டக், டக்.

பக்கத்து மேடையில் நெட்டையன் என்கிற கூட்டாளி குழாய் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கேட்டுச்சா?" என்றாள்.

"என்னக்கா, புதுசா வேலைக்கு வந்தவ மாதிரி கேக்குற? இரும்பு குளிர்ந்தா முனகாதா? என் பொண்டாட்டியவிட இது கம்மியாத்தான் முனகுது."

அவள் மின்விசிறி வைத்துக் கலத்துக்குள் காற்று ஓடவிட்டு, சட்டையை எடுத்தாள். குடுவையின் அடியில் மெழுகு போல மங்கலாக ஒரு துளி. அதை மூடி போட்ட சின்னப் புட்டியில் வழித்துக்கொண்டாள்.

சாயங்காலம் மாமியார் சட்டையை வாங்கி முகத்தில் புதைத்தாள். உடனே எடுத்துவிட்டாள்.

"யாரோடது இது?"

"அவரோடதுதான் அத்தை."

"கடைச் சட்டையக் குடுத்து ஏமாத்துறியா?" கிழவியின் விரல்கள் கழுத்துப் பட்டையின் கிழிசலைத் தேடிப் பிடித்தன. குரல் இறங்கிவிட்டது. "அவனோடதுதான். என் புள்ளையத் துவைச்சுட்டியேடி."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எடுத்து வருவதையே நினைத்திருந்தாளே தவிர, எடுத்தால் சட்டையில் ஒன்றும் மிஞ்சாது என்பதை நினைக்கவில்லை. ரோஜாவை எடுத்த பிறகு சக்கையைக் குப்பையில் கொட்டுவது அவள்தானே.

புட்டியைத் திறந்தாள்.

தலையணைக்குள் பழசாகிப் போன வாசனை இல்லை அது. வெயிலில் நடந்து இப்போதுதான் வந்தவனுடைய ஈர வேர்வை. கிரீஸ். தலை எண்ணெய். கிழவி முகத்தை உயர்த்தினாள். நீட்டியிருந்த கால்களை மடக்கி வழி விட்டாள்.

"செருப்பக் கழட்டிட்டு வாடா."

வாசனை கலத்தக்காவைத் தாண்டிப் போனது. புட்டி அவள் கையில்தான் இருந்தது, மூடியும்விட்டாள். ஆனாலும் அது கூடத்திலிருந்து நகர்ந்து, அறைக்குள் எட்டிப் பார்த்து, சமையலறைப் பக்கம் போனது. கூடத்தில் வெறும் சுவரின் வாசம்தான்.

"பசியா வந்திருப்பான்," என்றாள் மாமியார். "எனக்கும் சேர்த்துப் போடு."

கலத்தக்கா வாசலுக்கு ஓடினாள். தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். விளக்கு வைக்கிற நேரம், கதவைச் சாத்த வேண்டும். சாத்தக் கை நீட்டியவள் அப்படியே நின்றாள். காலையில் கூப்பிடாமல் விட்டது நெஞ்சுக்குள் கிடந்தது. வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

மாமியார் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையும் சட்டையின் மேல்.

கலத்தக்கா காத்திருந்தாள்.

சமையலறையில் பாத்திரம் ஒன்றின் மேல், டக், டக்.

கலத்தக்கா கதவிலிருந்து கையை எடுத்துவிட்டாள். இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள். கொஞ்சம் நின்று, மூன்றாவதையும் எடுத்தாள். கதவு தெருவைப் பார்த்துத் திறந்தே கிடந்தது. வெளியிலிருந்து காற்று வரவும் இல்லை, உள்ளிருந்து எதுவும் போகவும் இல்லை.

சரி கண்ணுகளா, எழுந்திருங்கள். உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும். வாசலில் நின்று கூப்பிட்டால் பதில் சொல்ல எப்போதும் ஆள் இருக்கட்டும். இருக்கிறவர்கள் மட்டுமே பதில் சொல்லட்டும்.