போனுக்குள் ஒரு பெர்மெத்

1

இந்தக் கதை ஒரு தட்டு போர்சோக்கோடு வந்தது. மேல்மாடி பெர்மெத் அக்கா அந்த மாவு உருண்டைகளைச் சுடச்சுடப் பொரித்துக்கொண்டு வந்து வைத்து, "கதை எழுதுறவதானே நீ? ஆஸ்பத்திரியில எனக்கு ஒரு சக்களத்தியைப் பிடிச்சுக் குடுத்துட்டாங்கடி. அதை எழுது" என்றாள்.

சக்களத்தி போனுக்குள் இருந்தாள்.

'பனி மூடிய கராகோல் நகரில் ஒரு சோகமான...' என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். அது செப்டம்பர். பனி எங்கே இருந்தது? ஆப்பிள்தான் அழுகிக்கொண்டிருந்தது.

2

அக்காவின் கணவர் ஜுமாதில் அண்ணன் கல்யாண விருந்துகளைப் பேசிச் சிரிக்கவைத்து நடத்திக்கொடுப்பவர். மைக்கை யாராவது பிடுங்கினால்தான் பேச்சை நிறுத்துவார். கோடையில் வந்த பக்கவாதம் அந்தப் பேச்சை வாரிக்கொண்டு போய்விட்டது.

பேச்சுப் பயிற்சி தருகிற அய்கனிஷ் அவர் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகாத நாட்களில் அதுதான் வாத்தியார். படம் காட்டும், கேள்வி கேட்கும், சரி தப்பு சொல்லும். பழகிய குரல் நல்லது என்று எல்லாவற்றையும் பெர்மெத் அக்காவையே பேசவைத்துப் பதிந்திருந்தாள்.

அண்ணன் கதவைச் சாத்திக்கொள்வார்.

"இது என்ன?" என்று போன் கேட்கும்.

"டீ... டீ."

"அருமை!"

அக்கா ஓடிப்போய், "டீ வேணுமா, கெழவரே?" என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார்.

"அவளும் நான்தானேடி! அவளுக்கு மட்டும் வாய் திறக்குது!" அக்கா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

3

(இங்கே அக்கா போனை ஏரியில் எறிவதாக ஒரு பத்தி இருந்தது. படித்துக் காட்டினேன். "ஏரி வரைக்கும் பஸ் பிடிச்சுப் போயா எறிவேன்? கூறுகெட்டவளே!" பத்தியை எடுத்துவிட்டேன்.)

உண்மையில் அய்கனிஷிடம்தான் சண்டைக்குப் போனாள்.

"அக்கா, அவரு ஒரு வார்த்தையை ஆரம்பிச்சா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"மீதியை நானே சொல்லிடுவேன். பாவம், கஷ்டப்படறாரே."

"போன் சொல்லாது, காத்திருக்கும். திக்கினா அதுக்கு முகம் வாடாது. ஊரையே சிரிக்க வச்ச மனுஷன், உங்க முன்னால திக்குறதுக்கு வெக்கப்படறாரு."

அக்கா ஒன்றும் பேசாமல் வீடு வந்தாள். (எங்கள் கட்டடத்தில் இதை யாரும் நம்ப மாட்டார்கள். நீங்களாவது நம்புங்கள்.)

4

செயலியில் வீட்டுப் படங்களையும் சேர்க்கலாம். அக்கா தன் படத்தைச் சேர்த்து, விடையாகத் தன் பெயரையும் போட்டு, "இது யாரு?" என்று பேசியும் வைத்தாள். மறுநாள் காலை கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே போன், "இது யாரு?" என்று கேட்டது. பிறகு, "வா... வா..."

தன் பெயரில் அப்படி ஒரு எழுத்தே இல்லையே என்று தவித்தாள். உதவிக்கு ஓடத் துடித்த கால்களை நிறுத்தி, தலைத்துணியின் நுனியைக் கடித்துக்கொண்டாள்.

"வா... வாயாடி!"

"தப்பு. மறுபடி சொல்லுங்க" என்றது போன், அக்காவின் குரலிலேயே.

அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். "வாயை மூடுடி கழுதை! அவரு சரியாத்தான் சொன்னாரு!"

5

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்து, திக்கித் திக்கி ஏதோ சொன்னார். கடைசி எழுத்து வரும்வரை அக்கா வாயே திறக்கவில்லை.

என்ன சொன்னார்?

மூன்று முடிவுகள் எழுதி எடுத்துப் போனேன். ஒன்றில் காதல், ஒன்றில் நன்றி, ஒன்றில் டீ. அக்கா மூன்றையும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது எதுவும் இல்ல. உனக்கு எதுக்குடி அது? எனக்குச் சொன்னது."

ஆகவே இந்த இடம் காலி. உங்களுக்குத் தோன்றுவதைப் போட்டுக்கொள்ளுங்கள். அக்காவிடம் மட்டும் காட்டாதீர்கள், சிரிப்பாள்.