அட்ஜஸ்ட் பானு

“கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறியாம்மா?”

அத்திப்பட்டு ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறிய முதல் நாள், காலிக் கூடையோடு வந்த மீன்காரம்மா ஒருத்தி பானுவிடம் இப்படித்தான் கேட்டாள். மூன்று பேர் உட்காரும் பலகையில் மூன்று பேர் இருந்தார்கள். பானு ஒடுங்கினாள். அவள் ஒடுங்கியதைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவளும் ஒடுங்க, ஜன்னலோரத்துக்காரி முனகிக்கொண்டே நகர, நாலாவது ஆளுக்கும் இடம் பிறந்துவிட்டது. ரயிலில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் அவ்வளவுதான். ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் எல்லோரும் உட்காரலாம்.

ரயிலை விட்டு இறங்கினால் அதே வார்த்தை வேறு வேறு வேஷம் போட்டது. பருப்பில்லாத நாளில் அம்மா கெங்கம்மாள் குழம்பில் இன்னொரு சொம்பு தண்ணீர் விட்டு, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க என்று ஊற்றுவாள். அக்காவின் பழைய ஜாக்கெட்டைப் பிடித்துத் தைத்துத் தரும் டெய்லரும் அதைத்தான் சொன்னான். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி நிழலிலேயே குடியிருந்துகொண்டு, கரண்ட் போனால் விசிறிமட்டையைக் கையில் கொடுத்தும் அதைத்தான் சொன்னார்கள். கல்யாணத் தரகர் அதைப் பெண்ணின் நல்ல குணங்களில் ஒன்றாகவே கணக்கில் சேர்த்திருந்தார். பொண்ணு சிவப்பு, சமையல் தெரியும், அட்ஜஸ்ட் பண்ணிக்கும்.

பள்ளிக்கூடத்தில் அந்த வார்த்தை பானுவின் படிப்பையே தின்றது. வளர்த்தி என்பதால் அவளைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை. வெள்ளையாகப் புழு நெளிவது மாதிரி இருக்கும். ஒரு தடவை மனதைத் திடப்படுத்திக்கொண்டு டீச்சரிடம் சொன்னாள். பக்கத்தில் பார்த்து அட்ஜஸ்ட் பண்ணிக்க என்றார் டீச்சர். பக்கத்திலிருந்தவள் தப்பாக எழுதினால் பானுவும் தப்பாக எழுதினாள். ஒன்பதாவதில் பெயிலானாள். வீட்டில் யாரும் திட்டவில்லை. கும்மிடிப்பூண்டியில் எண்ணெய் கேனுக்கு மூடி செய்யும் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்கள்.

அந்தக் கம்பெனியில் மிஷினுக்கு ஓய்வு கிடையாது. நிறுத்தினால் உள்ளே உருகிய பிளாஸ்டிக் கல்லாக இறுகிவிடும். அச்சு திறக்கும், மூடிகள் சுடச்சுட விழும், அள்ளிப் பிசிறு வெட்டிப் பெட்டியில் போட வேண்டும். கைக்கு உறை வேண்டும். ஆளுக்கு ஒரு ஜோடி தருகிற மனசு கம்பெனிக்கு இல்லை. மிஷினுக்கு ஒரு ஜோடி கிளவுஸ். ஷிஃப்ட் முடிந்து போகிறவள் கழற்றி, வருகிறவள் கையில் நேராகக் கொடுக்க வேண்டும். மேஜையில் வைத்துவிட்டுப் போகக்கூடாது. முன்னொரு தடவை ஒருத்தி அப்படி வைத்துவிட்டுப் போய், அச்சில் மூடிகள் சிக்கி மிஷினே ஒரு வாரம் படுத்துவிட்டதாம். அதிலிருந்து சூப்பர்வைசர் எழிலரசன் ஒரு சட்டம் போட்டார். கிளவுஸ் யார் கையிலோ மிஷின் அவர் பொறுப்பு. எழுத்தில் கிடையாது. ஆனால் அந்த ஷெட்டில் அதை மீறினவர் யாரும் இல்லை.

இரண்டு மணிக்குப் பானுவிடம் கிளவுஸ் வாங்க வேண்டியவள் விக்டோரியா. மேனேஜருக்கு எதிர்வீட்டுக்காரி. தலை பின்னிப் பவுடர் போட்டு அவள் வந்து சேர இரண்டேமுக்கால் ஆகும். யாரும் கேட்பதில்லை. அது வரைக்கும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா என்று எழிலரசன் சொல்ல, பானு தலையாட்டுவாள். தினம் தினம் ரயிலை விடுவாள். அடுத்த மிஷின் அஞ்சம்மாளுக்கு இதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

“ஒம் பேரு பானு இல்லடி. அட்ஜஸ்ட் ஸ்க்ரூ. போறவன் வர்றவன் எல்லாம் திருப்பிக்கினு போறான்.”

அன்றிலிருந்து ஷெட்டில் அவள் பெயர் அட்ஜஸ்ட் பானு. மூடியை மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிசிறு பார்ப்பாள். அதற்கும் அஞ்சம்மாள், மோந்து பாக்கறியா, வேகலியா என்பாள். பானு சிரிப்பாள். அஞ்சம்மாள் முகத்தில் கண் எது, வாய் எது என்பது அந்தத் தூரத்தில் அவளுக்கு உத்தேசம்தான்.

பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவசக் கண் முகாம் போட்டார்கள். அம்மாதான் தனக்குப் பார்க்கப் போனாள், பானு துணைக்கு. வந்தது வந்தாய், நீயும் உட்கார் என்றார் டாக்டர். அவள் கண் முன்னால் கண்ணாடி வில்லையை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு பவரை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் எப்படிம்மா இருந்தே என்றார். பானு வாய் திறப்பதற்குள் கெங்கம்மாள் பெருமையாகச் சொன்னாள்:

“அது இன்னா இருந்தாலும் அட்ஜஸ்ட் பண்ணிக்கும் சார்.”

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் பார்த்தது பானுவுக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் நெஞ்சில் எங்கோ போய்த் தைத்தது.

அடுத்த புதன்கிழமை மூன்று மணி வரைக்கும் அதே மண்டபத்தில் கண்ணாடி கொடுப்பார்கள். வாங்க வராதவர்களுடையது மெட்ராஸுக்குத் திரும்பிப் போய்விடும். மறுபடி முகாம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. கடையில் வாங்குகிற நிலைமை வீட்டில் இல்லை. பானு திங்களன்றே எழிலரசனிடம் சொல்லி வைத்தாள். செவ்வாயன்று ஞாபகப்படுத்தினாள். அவள் வேலைக்குச் சேர்ந்து அவரிடம் தானாகப் பேசியது அந்த இரண்டு தடவைதான். அவர் இரண்டு தடவையும் சரிம்மா சரிம்மா என்றார்.

புதன்கிழமை. இரண்டு அடித்தது. விக்டோரியா இல்லை. இரண்டேகாலுக்கு வண்டி. அதை விட்டால் அடுத்தது போய்ச் சேருவதற்குள் மண்டபத்தைப் பூட்டிவிடுவார்கள். எழிலரசன் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் அந்தப் பக்கம் வந்தார். பானு கூப்பிட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள்.

“சார், ரெண்டு ஆயிடுச்சு. நான் போவணும்.”

அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை. “தோ வந்துடும்மா அது. இன்னைக்கு ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்க.”

ஒரு நாள் என்று அவர் சொன்னதுதான் அவளை உலுக்கியது. எத்தனை ஒரு நாள். கடைசி பெஞ்ச், பெயிலான பேப்பர், முகம் தெரியாத அஞ்சம்மாள், எல்லாமே யாரோ கேட்ட ஒரு நாள்தான். அச்சு மூடிக்கொண்டு மறுபடி திறப்பதற்கு இடையில் கொஞ்ச நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் பானு கிளவுஸைக் கழற்றினாள். எழிலரசன் முன்னால் நீட்டினாள்.

அவர் மேனேஜர் மகனாகப் பிறந்து சூப்பர்வைசர் ஆனவர் இல்லை. பத்து வருஷம் இதே ஷெட்டில் மிஷின் முன்னால் நின்று வந்தவர். யாராவது கிளவுஸை நீட்டினால் வாங்கிக்கொள்வது அவர் கைக்குப் பழகிப்போன ஒன்று. புத்தி தடுப்பதற்குள் கை வாங்கிவிட்டது.

அச்சு திறந்தது. மூடிகள் பொலபொலவென்று விழுந்தன.

“சார்,” என்றாள் அஞ்சம்மாள், தன் வேலையை விடாமலே. “கிளவுஸு ஒங்க கையில கீது.”

ஷெட்டிலிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அவர் கிளவுஸைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார். அடுத்த ஈடு விழப்போகிறது. தான் போட்ட சட்டத்தை இத்தனை பேர் முன்னால் தானே மீற முடியாது. போனைப் பையில் போட்டுவிட்டுக் கிளவுஸை மாட்டினார். பானு அதற்குள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டியிருந்தாள். பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். அது அஞ்சம்மாள்தான் என்று மறுநாள் தெரிந்தது.

பானு ஓடினாள். தாவணி முனையை இடுப்பில் செருகிக்கொண்டு, சிப்காட் ரோட்டில் லாரிகளுக்கு நடுவில், யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் ஓடினாள். வண்டி நகர ஆரம்பித்த பிறகு லேடீஸ் பெட்டிக் கம்பியைப் பிடித்தாள். உள்ளிருந்து இரண்டு கைகள் அவளைத் தூக்கி இழுத்துப் போட்டன.

மண்டபத்தில் மேஜைகளை மடக்க ஆரம்பித்திருந்தார்கள். அவள் பேரைச் சொன்னதும் ஒரு பையன் பெட்டியில் துழாவி ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டான். நழுவியது. இரும்மா, அட்ஜஸ்ட் பண்ணித் தரேன் என்று கழற்றி, சின்ன ஸ்க்ரூடிரைவரால் திருகி, காதோரம் வளைத்து, மாட்டிப் பார்த்து, மறுபடி கழற்றி வளைத்தான். காது வலிக்குதா, மூக்கு அழுத்துதா என்று கேட்டுக் கேட்டு வளைத்தான். பானு அசையாமல் நின்றாள். அவள் முகத்துக்கு ஏற்றபடி ஒரு பொருள் தன்னை மாற்றிக்கொள்வது அவளுக்குப் புதிதாக இருந்தது.

வெளியே வந்தாள். புளியமரத்தில் ஒவ்வொரு இலையும் தனித்தனியாக இருந்தது. அவள் இதுவரை மரம் என்றால் ஒரு பச்சை மூட்டை என்றே நினைத்திருந்தாள். ஸ்டேஷன் பலகையில் பொன்னேரி என்று மூன்று மொழியில் எழுதியிருந்ததை அவ்வளவு தூரத்திலிருந்தே வாய்விட்டுப் படித்தாள். எதிர் பிளாட்பாரத்தில் கடலை விற்றவன் பல்லிடுக்கில் குச்சி வைத்திருப்பதுகூடத் தெரிந்தது. சிரித்தாள். வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மீஞ்சூர் தாண்டி மின்கம்பியில் உட்கார்ந்திருந்த குருவிகளை விடாமல் பார்த்துக்கொண்டே போனாள். அத்திப்பட்டில் புகைபோக்கிகளின் சிவப்புப் பட்டைகளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவை அங்கேதான் நிற்கின்றன.

மறுநாள் வேலை இருக்குமோ இருக்காதோ என்று கெங்கம்மாள் ராத்திரியெல்லாம் புலம்பினாள். பானு நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அஞ்சம்மாளுக்குக் கன்னத்தில் மச்சம் இருப்பதைப் பானு கண்டுபிடித்தாள். இத்தன வருஷமா இல்லாததா, இப்பத்தான் ஒனக்குத் தெரிஞ்சுதா என்று அவள் கேட்க, ஷெட்டே சிரித்தது. மூடியைக் கை நீளத்தில் வைத்தே பானு பிசிறு வெட்டினாள்.

இரண்டு அடித்தது. விக்டோரியாவைக் காணோம். எழிலரசன் வந்து மிஷினுக்கு எதிரில் நின்றார். பானு நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாள் அவர் ஒரு வெள்ளைச் சட்டையும் ஒரு குரலும்தான். இப்போது மீசையில் நரை தெரிந்தது. விரல் நுனியில் நேற்றுச் சுட்ட சிவப்பு தெரிந்தது. அவர் வாயைத் திறந்தார். அந்தச் சொல் உதடு வரைக்கும் வந்ததை அவள் பார்த்தாள். கண்ணைத் தாழ்த்தவில்லை.

அவர் வாயை மூடிக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பி, விக்டோரியா வருகிற கேட்டைப் பார்த்து நடந்தார்.