வாய் பிளக்காத பழம்

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், தன் ஜமைக்கா உணவுக்கடையின் அடுப்படியில் குப்பைத் தொட்டியைத் திறந்தாள் நோவலெட். மேலாகவே கிடந்தன நாலைந்து ஆக்கிப் பழத்தோல்கள். கத்தியால் கீறிப் பிளந்தவை.

கறியாகச் சமைக்கும் ஆக்கிப் பழம் மரத்திலேயே தானாக வாய் பிளக்க வேண்டும். அதற்குமுன் பறித்து வலுவில் பிளந்தால் உள்ளே இருப்பது விஷம். ஜமைக்காவில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கெல்லாம் தெரியும். அவள் தம்பி லசெல்ஸ் லண்டனில் பிறந்து, டப்பாவில் வரும் ஆக்கியை மட்டுமே பார்த்து வளர்ந்தவன்.

"லசெல்ஸ், இதை யாரு வெட்டினா?"

"நான்தான்க்கா. டப்பா தீர்ந்துபோச்சு, வாசல்ல வரிசை நிக்குது. நீதானே கூடையில வச்சிருந்தே?"

அவள்தான் வைத்திருந்தாள். ஊரிலிருந்து வந்த ஒருத்தி ஆசையாகப் பெட்டியில் கொண்டுவந்தது. வாய் பிளக்காதவை என்று தெரிந்தும் எறிய மனம் வரவில்லை.

"எத்தனை தட்டு போச்சு?"

"மூணு. ஏன்க்கா?"

சொன்னாள். அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "சத்தம் போடாம தட்டை மாத்திடலாம். நம்ம கடையைப் பாராட்டிப் பத்திரிகையில எழுதி ஒரு வாரம்கூட ஆகலை. தெரிஞ்சா கடையே போயிடும்."

ஒரு நொடி அவளும் அதைத்தான் நினைத்தாள். பிறகு கூடத்துக்குப் போய்ப் பாட்டை நிறுத்தினாள். நாற்பது முகங்கள் திரும்பின.

"யாரும் ஆக்கி சாப்பிடாதீங்க. எங்க தப்பு. அதுல விஷம் இருக்கு."

நாற்காலிகள் உரசின. ஜன்னலோர ஜோடி தட்டுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. இன்னும் வாய் வைக்கவில்லை. மூன்றாவது தட்டு மூலையில், துடைத்தாற்போல் காலியாக இருந்தது. அதன் முன்னால் மிஸ்டர் ஹிபர்ட். எண்பது வயது, சர்க்கரை நோயாளி, ஞாயிறு தவறாமல் வருகிறவர்.

"மிளகாதான் கம்மின்னு நெனச்சேன், மிஸ் நோவா," என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "என் தங்கச்சி இதுலதான் போனா. அவளுக்கு ஆறு வயசு."

ஆம்புலன்ஸில் அவர் கையை அவள் விடவேயில்லை. மருத்துவருக்கு அந்தப் பழத்தின் பெயரே புதிது, எழுத்தெழுத்தாகச் சொன்னாள். சாயங்காலம் வாந்தி தொடங்கியது. சர்க்கரை மளமளவென்று இறங்கியது. குளுக்கோஸ் ஏற ஏற, அவர் அவளைத் தங்கச்சியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் "இருக்கேன்" என்றாள். திரையில் சர்க்கரை எண் குறையும்போதெல்லாம் செவிலியரைக் கூப்பிட்டாள்.

திங்கட்கிழமை மத்தியானம் கண் திறந்து தேநீர் கேட்டார்.

அவர் மகள் கார்லீன் கதவருகில் நின்றாள். "நீங்க மறைச்சிருந்தா அப்பா செத்திருப்பாருன்னு டாக்டர் சொன்னாரு. ஆனா இனிமே அவரை உங்க கடைக்கு விடமாட்டேன்."

"விடாதீங்க," என்றாள் நோவலெட்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருந்துகள் போயின. எழுந்திருக்க முடியவில்லை.